பிடிகருணையின் காறல் போன வழி: ஒன்பது மாதப் பயிர், நான்கு மாதச் சோதனை

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஏழு பேர் பிடிகருணை மசியலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் நாக்கு அரிக்கவில்லை, தொண்டை காறவில்லை. இதே கொல்லையில் விளைந்த இதே கிழங்கை நான்கு மாதங்களுக்கு முன் சமைத்த அன்று, இரவு பத்து மணிவரை நானும் என் மனைவியும் மோரைக் குடித்துக்கொண்டு பேச முடியாமல் உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாள்களுக்கும் இடையில் செய்தவற்றை, தவறுகளையும் சேர்த்து, எடையும் நேரமும் குறித்துவைத்த நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சிக்கு வடக்கே, லால்குடி போகும் வழியில் இருக்கிறது. கொல்லையில் பத்தடிக்கு எட்டடி இடம் காலியாகக் கிடந்தது. 2023 ஏப்ரல் இறுதியில், கிலோ 60 ரூபாய்க்கு இரண்டு கிலோ பிடிகருணை வாங்கினேன். 24 கிழங்குகள் இருந்தன. ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நான்கு விரல் ஆழத்தில், மட்கிய சாணத்தோடு நட்டேன். முளை எட்டிப் பார்க்காத கிழங்குகளையும் சேர்த்து நட்டதும், நட்ட அன்றே தண்ணீரைத் தேக்கியதும் தவறு. 7 கிழங்குகள் அழுகிப்போயின. முளைவிட்டு நின்ற 17 செடிகளுக்குப் பெரிய கவனிப்பு ஏதும் தேவைப்படவில்லை. மாடும் ஆடும் வந்து போகிற கொல்லையில், பக்கத்துப் பாத்திக் கீரை மொட்டையானபோதும் கருணைத் தழையில் ஒரு வாய்கூடப் படவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். அதன் காரணம் பின்னால் என் நாக்கிலேயே தெரிந்தது.

மார்கழியில் தண்டுகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. 2024 ஜனவரி மூன்றாம் வாரத்தில் களைக்கொட்டால் தோண்டினேன். மண் நீக்கி நிறுத்தபோது 7 கிலோ 300 கிராம் இருந்தது.

முதல் தவறு குழாயடியில் நடந்தது. 750 கிராம் கிழங்கைத் தண்ணீரில் நனைத்து, வெறுங்கையால் தோல் சீவினேன். மூன்றாவது கிழங்கு முடிவதற்குள் விரலிடுக்குகளில் நமைச்சல் தொடங்கியது. சோப்புப் போட்டுக் கழுவியதும் அது மணிக்கட்டுவரை பரவியது. பிறகு கையைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, ஊறிய புளியை அழுத்தித் தேய்த்தேன். நமைச்சல் அடங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு இந்தக் கிழங்கைப் பச்சையாகத் தொடும்போதெல்லாம், கையும் கிழங்கும் உலர்ந்திருக்க வேண்டும், கையில் எண்ணெய் பூசியிருக்க வேண்டும் என்று வழக்கமாக்கிக்கொண்டேன். 40 ரூபாய்க்கு ரப்பர் கையுறை ஒன்றும் வாங்கினேன்.

இரண்டாம் தவறு அதைவிடப் பெரியது. சீவிய கிழங்கைத் துண்டுகளாக்கி, குக்கரில் வெறும் தண்ணீரில் இரண்டு விசில் விட்டு இறக்கி, வறுவலாக்கிச் சாப்பிட்டோம். துண்டுகள் மெத்தென்று வெந்திருந்தன, ருசியும் நன்றாக இருந்தது. நான்காவது கவளத்தில் நாக்கின் ஓரத்தில் குத்தல் தொடங்கியது. சற்று நேரத்தில் தொண்டைக்குள் கம்பளியை இழுத்தது போன்ற காறல். மூச்சு விடுவதில் சிரமம் இல்லாததால் வீட்டிலேயே சமாளித்தோம். தொண்டை வீங்கி மூச்சு இரைத்தால், மோரையும் நெய்யையும் நம்பி உட்கார்ந்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் தொலைபேசியில் பெரியம்மாவிடம் சொன்னேன். “தோண்டுன அன்னைக்கே எவனாவது கருணைய அடுப்புல வைப்பானாடா? பரண்ல போட்டு மறந்துடணும். அப்புறம் புளிய கரைச்சு ஊத்தி, அது குழையுற வரைக்கும் கொதிக்க விடணும்” என்றார்.

பெரியம்மா சொன்னதில் மூன்று காரியங்கள் இருந்தன: பழசாக்குதல், புளி, நீண்ட நேரக் கொதி. மூன்றில் எது காறலை எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். மூன்றையும் சேர்த்தே செய்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், அவசரத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள நேரும் நாளில் எதைக் குறைக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நான்கு பாத்திரங்களில் தலா 200 கிராம் புதுக் கிழங்கை விரற்கடை அளவுத் துண்டுகளாக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் வேகவைத்தேன். முதலாவது வெறும் தண்ணீரில் 15 நிமிடம். இரண்டாவது வெறும் தண்ணீரில் 45 நிமிடம், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றி. மூன்றாவது அரிசி கழுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு 45 நிமிடம். நான்காவது 25 கிராம் புளி கரைத்த நீரில் 45 நிமிடம். ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு எடுத்து, நாக்கின் நுனியில் வைத்து மென்று துப்பிவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்து மதிப்பெண் போடுவது என்று வைத்துக்கொண்டோம். அரிப்பே இல்லையென்றால் 0. முதல் நாள் வறுவலின் காறல் 5.

இந்தச் சுற்று முழுதும் வீணாயிற்று. நான்கையும் ஒரே மாலையில், அதுவும் 15 நிமிடப் பாத்திரத்திலிருந்து தொடங்கிச் சுவைத்தேன். முதல் துண்டு கிளப்பிய அரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வாய்க்குள் போனதால், எந்தக் காறல் எந்தப் பாத்திரத்துடையது என்று பிரிக்க முடியவில்லை. 800 கிராம் கிழங்கு எருக்குழிக்குப் போனது. மறுவாரம் இன்னொரு 800 கிராமை எடுத்து, நாளுக்கு ஒரு பாத்திரம் என்று, காறல் குறைவாக இருக்கும் என எதிர்பார்த்ததிலிருந்து தொடங்கி நான்கு நாள்களில் முடித்தேன்.

அப்போது கிடைத்த மதிப்பெண்கள்: புளி நீரில் 45 நிமிடம் வெந்ததற்கு 1, கழுநீருக்கு 2, வெறும் தண்ணீரில் 45 நிமிடத்திற்கு 2, 15 நிமிடத்திற்கு 4. கழுநீருக்கு மட்டும் என் மனைவி 1 போட்டார்; மற்றவற்றில் இருவரும் ஒன்றாகவே போட்டோம். கழுநீர் மண்ணைக் கழற்றுகிறது, கிழங்கை வெள்ளையாக்குகிறது. காறலைப் பொறுத்தவரை அதை நான் நம்புவதில்லை. புளிக்கு ஒரு மதிப்பெண் வித்தியாசம் இருந்தது. ஆனால் 15 நிமிடத்துக்கும் 45 நிமிடத்துக்கும் இரண்டு மதிப்பெண் வித்தியாசம் என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

இதற்கிடையில் 3 கிலோ கிழங்கைப் பரணில் ஏற்றியிருந்தேன். அங்கும் ஒரு தவறு. முதல் வாரம் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்ததால் உள்ளே வியர்த்து, இரண்டு கிழங்குகளில் வெண்பூசணம் பிடித்தது. நல்லவேளையாகத் தோலோடு நின்றது. துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மூங்கில் கூடையில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்காமல் பரப்பி வைத்தேன். விதைக்கென்று 1 கிலோ 950 கிராமை வேறு கூடையில் ஒதுக்கினேன்.

கிழங்கு பரணில் கிடந்த வாரங்களில், காறலைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்ற ஆசை வந்தது. கருணை, சேனை, சேம்பு மூன்றும் ஒரே குடும்பம். வரவேற்பறைகளில் அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியாவும் அதே குடும்பம்தான் என்பதால், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இந்தச் செடிகள் தம் திசுக்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் உப்பை ஊசி ஊசியாக வளர்த்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கின்றன. கடித்தால் ஊசிகள் வெளியே பாய்ந்து குத்தும். பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், 100 மடங்கு பெரிதாக்கும் பழைய நுண்ணோக்கியை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார்.

சவர பிளேடால் பச்சைக் கிழங்கில் சன்னமாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது உருண்டை உருண்டையாக மாவுத்துகள்கள் மட்டுமே தெரிந்தன. இவற்றுக்குள் ஊசியைத் தேடுவது வைக்கோற்போரில் குண்டூசியைத் தேடுவது போலத்தான். நண்பர் ஒரு வழி சொன்னார். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் போலராய்டு தாள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் பார்வைப்பரப்பு இருண்டுவிடும். படிகங்கள் மட்டும் அந்த இருட்டில் ஒளிரும். கால்குலேட்டர் திரையின் முன்னும் பின்னும் அந்தத் தாள்தான் ஒட்டியிருக்கும் என்பதால், வீட்டில் ஓடாமல் கிடந்த கால்குலேட்டரைப் பிரித்தேன். திரைக் கண்ணாடியின் பின்பக்கத் தாளை முதலில் உரித்தேன். அதன் முதுகில் வெள்ளிப் பூச்சு இருந்ததால் வெளிச்சமே ஊடுருவவில்லை. பிறகு முன்பக்கத் தாளைத் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி, பிளேடின் முனையால் மூலையைத் தூக்கி மெதுவாக உரித்து, ஒட்டியிருந்த பசையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஆறு சென்டிமீட்டர் நீளத் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஸ்லைடுக்குக் கீழும், மற்றதைக் கண்வில்லையின் மேலும் வைத்து, மேலே உள்ளதை மெல்லத் திருப்பினேன்.

இருட்டு வந்தது, அதில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் மின்னின. எல்லாமே காறல் என்று எண்ணி மகிழ்ந்து நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு கறுப்புச் சிலுவை இருப்பதை மறுநாள்தான் கவனித்தேன். பச்சை மாவுத்துகளும் இப்படி ஒளிரும். அந்தச் சிலுவைதான் அதன் அடையாளம். புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் ஒரு சொட்டை ஸ்லைடின் ஓரத்தில் விட்டதும் சிலுவைப் புள்ளிகள் எல்லாம் கருநீலமாகிவிட்டன. நிறம் மாறாமல், இரு முனையும் கூரான கோடுகள் கட்டாக நின்றன. ஊதுபத்திக் கட்டை நடுவில் பிடித்துக்கொண்டது போல நெருக்கமாக இருந்தன. பிளேடு பட்டு உடைந்த இடத்தில் தீக்குச்சிகளைக் கொட்டியது போலச் சிதறிக் கிடந்தன. என் தலைமுடி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஓர் ஊசியின் நீளம் அந்த முடியின் தடிமனைவிடச் சற்றே அதிகம். நான்கு கவளத்தில் எங்களைப் பேசவிடாமல் செய்தது இவ்வளவு சிறியது.

வெந்த கிழங்கைப் பார்ப்பது எளிதாக இருந்தது. வேகும்போது மாவு கூழாகிவிடுவதால் அதன் மினுக்கம் போய்விடுகிறது. ஊசிகள் மட்டுமே ஒளிர்கின்றன. நான் எதிர்பாராத செய்தி அங்கேதான் இருந்தது. ஊசிகள் அப்படியே இருந்தன. பச்சைக் கிழங்கில் பத்து இடங்களில் எண்ணியபோது 31 கட்டுகள். புளி நீரில் 45 நிமிடம் வெந்ததில் 27. இவ்வளவு சிறு வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. நாக்கில் 1 மதிப்பெண்ணே வாங்கிய கிழங்கில், கிட்டத்தட்ட அத்தனை ஊசிகளும் இருந்தன!

புளி ஊசிகளைக் கரைத்துவிடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு ஸ்லைடில் கெட்டியான புளிக்கரைசலை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஊசிகள் கூர் மழுங்காமல் நின்றன. காடியிலும் அதே கதை. நண்பர் தம் பள்ளிச் சோதனைக்கூடத்தில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். அதில் மட்டும் சில நிமிடங்களில் ஊசிகள் ஓரத்திலிருந்து கரைந்து மறைந்தன. சமையலறைப் புளிப்பு எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை.

அப்படியானால் காறல் எங்கே போகிறது? சேம்புக் குடும்பத்துக் கிழங்குகளை ஆராய்ந்தவர்கள், ஊசியின் மேல் ஒட்டியிருக்கும் புரதம் சிதைக்கும் நொதியைப் பெருங்காரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஊசி துளை போடுகிறது, நொதி அந்தத் துளை வழியாக உள்ளே போய் எரிச்சலூட்டுகிறது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கிவிப் பழத்து ஊசிகளையும் இத்தகைய நொதியையும் ஆமணக்குப் பட்டுப்புழுக்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தபோது பெரிய பாதிப்பு இல்லை, சேர்த்துக் கொடுத்தபோது புழுக்கள் மாண்டன. நொதி என்பது புரதம். தொடர்ந்து கொதிக்கவைத்தால் கெட்டுவிடும். கல்லைப் போன்ற ஊசி கெடாது. மெத்தென்று வெந்துவிட்டதா என்று கரண்டியால் அழுத்திப் பார்த்து இறக்கியதே என் முதல் நாள் பிழை என்று அப்போது விளங்கியது. கிழங்கு மெத்தென்றாக 15 நிமிடம் போதும். காறல் போக அது போதாது.

இதைப் பழைய கிழங்கில் சரிபார்த்தேன். ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி இறுதியில் பரண் கூடை 3 கிலோவிலிருந்து 2 கிலோ 600 கிராமாகக் காய்ந்திருந்தது. வெறும் தண்ணீரில் 45 நிமிடம்: மதிப்பெண் 1. புளி நீரில் 45 நிமிடம்: எனக்கு 0, மனைவிக்கு அரை. பிறகு, பழசு, புளி இரண்டும் இருக்கட்டும், நேரத்தை மட்டும் குறைப்போம் என்று 15 நிமிடத்தில் இறக்கிப் பார்த்தேன்: 2. பழைய கிழங்கிலும் பத்து இடங்களில் எண்ணினேன். 33 கட்டுகள் இருந்தன. காய்வதால் ஊசி குறைவதில்லை.

ஆக, என் கொல்லைக் கிழங்கைப் பொறுத்தவரை, பழசாக்குவதும் புளியும் உதவுகின்றன. கொதிநேரம் குறைந்தால் இரண்டும் சேர்ந்தும் காப்பாற்றுவதில்லை. எதைக் குறைக்கக் கூடாது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். பெரியம்மா ‘குழையுற வரைக்கும்’ என்று சொன்னதை நான் பதம் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நேரத்தைச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் இறுதியில், தோண்டிப் பதினான்கு வாரம் ஆனபோது, செய்முறையை முடிவுசெய்து சென்ற ஞாயிறு அதன்படியே சமைத்தேன். ஒரு கிலோ பழைய கிழங்கைத் தோல் சீவாமல், பழைய பல் துலக்கியால் மண் போகத் தேய்த்துக் கழுவி, முழுசாகவே குக்கரில் மூழ்கத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஆறு விசில். தோலோடு வேகவைத்தால் பச்சைக் கிழங்கைச் சீவும் தொல்லை முழுதும் நீங்கிவிடுகிறது. வெந்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். ஊசியாக நிற்கும் ஆக்சலேட் கரையாவிட்டாலும், கரையும் வகை ஆக்சலேட் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். ஆறியதும், கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு தோலை உரித்து, மத்தால் மசித்தேன். எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிய புளி உருண்டையை, எடையில் 40 கிராம், கரைத்து ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு, தட்டிய இஞ்சி, கீறிய பச்சைமிளகாய் சேர்த்து, கடிகாரத்தைப் பார்த்து இருபத்தைந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். துண்டாக இருப்பதைவிட மசித்த கிழங்கில் புளி எல்லா இடத்திலும் சேருகிறது. கடைசியில் 100 கிராம் வெந்த துவரம்பருப்பு, கடுகு, பெருங்காயத் தாளிப்பு.

பரிமாறும் முன் நாக்கு நுனிச் சோதனையை ஒருமுறை செய்து, பத்து நிமிடம் காத்திருந்தேன். பூஜ்யம். சாப்பிட வந்தவர்களில் என் அண்ணனுக்கு முன்பு சிறுநீரகத்தில் கல் இருந்தது. ஊசி போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதால், அவருக்கு ஒரு கரண்டிக்கு மேல் வைக்கவில்லை. மருத்துவரும் ஆக்சலேட் மிகுந்த உணவுகளைக் குறைக்கச் சொல்லியிருந்தார். தயிர்ப் பச்சடியும் உடன் வைத்தேன். தயிரிலுள்ள கால்சியம் கரைந்த ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால், கருணையோடு தயிரோ மோர்க்குழம்போ சேர்வது எனக்கு இப்போது கூடுதல் நிறைவு தருகிறது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். விதைக்கிழங்கு 120 ரூபாய், இரண்டு மூட்டை மட்கிய சாணம் 160, கையுறை 40, சோதனைக்கும் சமையலுக்குமான புளி ஏறக்குறைய 50. மொத்தம் 370 ரூபாய்க்கு 7 கிலோ 300 கிராம் விளைந்தது. அதில் ஒரு கிலோ 600 கிராம் சோதனைகளிலேயே கழிந்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில உண்டு. முளை அரை அங்குலமாவது வராத கிழங்கை மண்ணில் இறக்க மாட்டேன். நட்ட முதல் வாரம் தண்ணீரும் விட மாட்டேன். தோண்டிய நாளையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடையிலேயே கட்டிவிடுவேன். கடையில் வாங்கும் கிழங்குக்கு அந்தச் சீட்டு கிடையாது என்பதால், அதையும் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆறு வாரம் பரணில் போடப்போகிறேன். புளியின் அளவையும் இன்னும் சோதிக்க வேண்டும். 25 கிராமுக்கும் 40 கிராமுக்கும் இடையில் நாக்கில் வேறுபாடு தெரிகிறதா என்பதை, இம்முறை ஒரே கிழங்கை இரண்டாகப் பிளந்து, இரண்டு பாத்திரங்களில் சம நேரம் வேகவைத்து, இரண்டு நாள்களில் சுவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். விதைக்கூடையில் 22 கிழங்குகள் இருக்கின்றன. நேற்று பார்த்தபோது அவற்றில் 13 முளைவிட்டிருந்தன. அந்தப் பதின்மூன்றையும் வரும் வாரம் நடுகிறேன்.